கணினியில் கூடுதல் கார்டு பொருத்தும்போது மின்சாரமும் சிக்னலும்: மலையூர்களுக்கான முழு வழிகாட்டி

ஊட்டியிலோ கோத்தகிரியிலோ ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வேலை செய்யவில்லை என்றால், மாற்றி வாங்க கோயம்புத்தூர் வரை இறங்கி ஏற வேண்டும். ஒரு நாள் அதிலேயே போய்விடும். அப்படிக் கொண்டுபோன கார்டு, கடை மேசையில் வேறு கணினியில் போட்டவுடன் படம் காட்டிவிடுவதும் உண்டு. கார்டில் கோளாறே இருந்திருக்காது. அதற்குப் போக வேண்டிய ஆம்பியர் போகவில்லை, அல்லது ஒரு சின்ன சிக்னல் வந்து சேரவில்லை, அல்லது பின்னில் ஈரம் பிடித்திருக்கும். இந்த மூன்றையும் வீட்டிலேயே சோதிக்கலாம். தேவைப்படுவது ஒரு மல்டிமீட்டர், நல்ல ஸ்க்ரூ டிரைவர், 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத மெல்லிய துணி. பொறுமையும் வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் லேபிளில் இருந்து தொடங்குங்கள்

எஸ்எம்பிஎஸ் என்பது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி. அதன் மேல் அச்சிட்ட வாட் கணக்கை நம்பாதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கார்டுக்கும் பிராசஸருக்கும் அந்த 12 வோல்ட்தான் சோறு. '450 வாட்' என்று போட்டு 12 வோல்ட்டில் 16 ஆம்பியர் மட்டும் தரும் பெட்டி, உண்மையில் 192 வாட்தான் தருகிறது. மீதி 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கிடக்கும், இன்றைய கணினிக்கு அதனால் பயன் குறைவு. அதே 450 வாட்டில் 12 வோல்ட் 36 ஆம்பியர் என்று இருந்தால் 432 வாட். விலை வித்தியாசம் எதற்கு என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். கிராஃபிக்ஸ் கார்டு 160 வாட். '65 வாட்' ரைசன் பிராசஸர் முழு வேலையில் 88 வாட் வரை இழுக்கும். மதர்போர்டுக்கும் ரேமுக்கும் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர், அதாவது 24 வாட். விசிறிகளுக்கு 10. மொத்தம் 322 வாட், சுமார் 27 ஆம்பியர். 36 ஆம்பியர் பெட்டி இதைத் தாங்கும், 16 ஆம்பியர் பெட்டி தாங்காது. மிச்சம் விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதிய கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் சராசரியைப் போல இரண்டு மடங்கு வரை இழுத்துவிட்டு இறங்கும். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிப்படி, 450 வாட்டுக்கு மேற்பட்ட பெட்டிகள் 100 மைக்ரோ நொடிக்குத் தங்கள் அளவைப் போல 200 சதவீதம் தாங்க வேண்டும். பழைய பெட்டிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் வீடியோ ரெண்டர் தொடங்கிய நொடியில் சில கணினிகள் பொட்டென்று அணைகின்றன.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது நீலகிரியில் புதிதல்ல, ஆகவே யூபிஎஸ்ஸையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். கடைகளில் அதிகம் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட் தரும். மேற்சொன்ன 322 வாட், 85 சதவீதத் திறனுள்ள எஸ்எம்பிஎஸ் வழியே சுவரில் இருந்து இழுக்கும்போது 379 வாட் ஆகிவிடும், மானிட்டர் தனி. கரண்ட் போன கணமே யூபிஎஸ்ஸும் கைவிடும். 1000 விஏ எடுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் உள்சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் சரியாக ஓடாது. முனகும், அல்லது மாறும் நேரத்தில் அணைந்துவிடும். அதற்குச் சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் சரி.

ஸ்லாட் என்ன தருகிறது

மதர்போர்டில் கார்டு அமரும் துளைதான் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட், லேன் என்பது அதில் தகவல் ஓடும் பாதை. 16 லேன் ஸ்லாட் ஒரு கிராஃபிக்ஸ் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரும். அதில் 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர், 3.3 வோல்ட்டில் 3 ஆம்பியர். கார்டு தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வரை 25 வாட்டுக்குள்தான் இழுக்க வேண்டும். 4 லேன், 8 லேன் கார்டுகளுக்கு வரம்பு 25 வாட், 1 லேன் கார்டுக்குப் பொதுவாக 10 வாட். சவுண்ட் கார்டு, நெட்வொர்க் கார்டு, சீரியல் கார்டு எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

பின்களைத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்லாட்டுக்கு இரண்டு வரிசை உண்டு. கார்டில் சிப்புகள் இருக்கும் பக்கம் பி வரிசை, மறுபக்கம் ஏ வரிசை. எண்ணிக்கை பின்பக்கத் தகடு இருக்கும் முனையில் இருந்து தொடங்குகிறது. 11 பின் கழித்து ஒரு வெட்டு, அதற்குப் பிறகு மீதி. மின்சாரம் முழுவதும் அந்த முதல் 11 ஜோடிக்குள் வந்துவிடுகிறது. பி1, பி2, பி3, ஏ2, ஏ3 ஆகிய ஐந்தும் 12 வோல்ட், பின்னுக்கு 1.1 ஆம்பியர் வீதம். பி8, ஏ9, ஏ10 மூன்றும் 3.3 வோல்ட். பி10-இல் வருவது காத்திருப்பு 3.3 வோல்ட், கணினி அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் சுவிட்ச் போட்டிருந்தால் அது இருக்கும். நெட்வொர்க் வழியாகக் கணினியை எழுப்பும் வசதி இந்தப் பின்னையும் பி11-ஐயும் நம்பித்தான் இருக்கிறது.

சிக்னல்களில் மூன்று முக்கியம். முதலாவது ஏ11-இல் வரும் ரீசெட். மின்சாரம் நிலைபெற்ற பிறகும் குறைந்தது 100 மில்லி நொடி இது பூஜ்ஜியத்தில் இருந்துவிட்டு 3.3 வோல்ட்டுக்கு ஏறும். ஏறினால்தான் கார்டு விழிக்கும். இரண்டாவது ஏ13, ஏ14-இல் ஓடும் 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக். மூன்றாவது, கார்டு வந்திருக்கிறது என்று போர்டுக்குச் சொல்லும் பிரசென்ட் பின்கள்: ஏ1-இல் ஒன்று, பி வரிசையில் 17, 31, 48, 81 ஆகிய இடங்களில் மற்றவை. கார்டு தன் நீளத்துக்கு ஏற்ற கடைசிப் பின்னை ஏ1-உடன் இணைத்துவிடும். ஏ1 போர்டிலேயே கிரவுண்டில் (பூஜ்ஜிய வோல்ட்டில்) கட்டப்பட்டிருப்பதால் மறுமுனை பூஜ்ஜியத்துக்கு இறங்கும், போர்டு புரிந்துகொள்ளும்.

16 லேன் கார்டை 1 லேன் ரைசரில் (ஸ்லாட்டை வெளியே நீட்டிக் கொடுக்கும் பலகையில்) போடும்போது சில போர்டுகள் கார்டைக் கண்டுகொள்ளாததற்குக் காரணம் இதுதான். கார்டு இணைத்திருப்பது பி81-ஐ, ரைசரில் இருப்பதோ பி17 வரைதான். ஏ1-இல் இருந்து பி17-க்கு ஒரு வயர் சாலிடர் செய்யச் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் ஏ1-க்குப் பக்கத்தில் ஏ2 12 வோல்ட், எதிரே பி1-உம் 12 வோல்ட். பின்களுக்கு இடையே 1 மி.மீ. தூரம்தான். கை நடுங்கினால் போர்டு போய்விடும். அதைவிட, ரைசரில் பி17-ஐ அடுத்திருக்கும் பி18-உடன் ஒரு சொட்டு சாலிடரால் இணைத்துவிடுங்கள். பி18 கிரவுண்ட். பலன் ஒன்றே, ஆபத்து இல்லை.

தனி மின் கேபிள்கள்

75 வாட்டுக்கு மேல் வேண்டிய கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து நேராகக் கேபிள் வர வேண்டும். 6 பின் கனெக்டர் 75 வாட், 8 பின் 150 வாட், புதிய 16 பின் 600 வாட் வரை. 8 பின்னில் 12 வோல்ட் கம்பிகள் மூன்றுதான். 150 வாட் என்றால் 12.5 ஆம்பியர், கம்பிக்கு 4.2 ஆம்பியர். மீதமுள்ளவற்றில் மூன்று கிரவுண்ட், இரண்டு சென்ஸ். சென்ஸ் பின்கள் கிரவுண்டில் இருந்தால்தான் 'முழு 8 பின் கேபிள் வந்திருக்கிறது' என்று கார்டு நம்பும். 6 பின் கேபிளை 8 பின் துளையில் சொருகிக் கார்டு இயங்க மறுத்தால், சென்ஸ் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். அதை ஏமாற்ற கம்பி போட்டுக் கட்டாதீர்கள்.

பிராசஸருக்கான 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இரண்டிலும் எதிரெதிர் வரிசையில் உள்ளன. பிளாஸ்டிக் வடிவம் வேறு என்பதால் சாதாரணமாக நுழையாது. அழுத்தி நுழைத்தால் நேர் ஷார்ட். பிராசஸர் கேபிள் 4+4 என்று பிரியும், கார்டு கேபிள் 6+2 என்று பிரியும். இதை நினைவில் வைத்தால் போதும்.

கழற்றக்கூடிய கேபிள் உள்ள மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில் இன்னொரு குழி இருக்கிறது. கார்டு முனை எல்லாப் பெட்டிக்கும் ஒன்று, எஸ்எம்பிஎஸ் முனைக்கோ பொது விதி கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களிலேயே கம்பி வரிசை மாறியிருக்கலாம். பழைய பெட்டியின் கேபிளைப் புதிய பெட்டியில் சொருகினால் டிஸ்க்கில் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்து எல்லாம் எரியலாம். பெட்டி மாற்றினால் கேபிளையும் சேர்த்து மாற்றுங்கள். இதில் விதிவிலக்கு வேண்டாம்.

அடாப்டர்களில் சாட்டா (டிஸ்க்குகளுக்கான) மின் கனெக்டரில் இருந்து 6 பின்னுக்கு மாற்றுவதை வாங்கவே வாங்காதீர்கள். சாட்டாவில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5 ஆம்பியர், 54 வாட். 6 பின் கேட்பதோ 6.25 ஆம்பியர். முதலில் பிளாஸ்டிக் மஞ்சளாகும், பிறகு உருகும், பிறகு புகை. மரத்தளமும் மரக்கூரையும் உள்ள பழைய மலைவீடுகளில் இதை விளையாட்டாக எடுக்க முடியாது. மோலெக்ஸ் எனும் பழைய நான்கு பின் மின் கனெக்டர் இரண்டில் இருந்து 6 பின் எடுப்பது ஓரளவு பரவாயில்லை, அந்த இரண்டும் எஸ்எம்பிஎஸ்ஸில் தனித்தனி கேபிளாக இருந்தால் மட்டும். 16 பின்னுக்கு 600 வாட் என்றால் 50 ஆம்பியர் ஆறு பின்களில் பிரிந்து பின்னுக்கு 8.3 ஆம்பியர் ஓடும். இடைவெளி கொஞ்சம் இருந்தாலும் சூடு ஏறும். 'டிக்' என்று சத்தம் வரும் வரை நேராகத் தள்ளி, கனெக்டரில் இருந்து 35 மி.மீ. வரை கேபிளை வளைக்காமல் விடுங்கள். பின்னால் வந்த திருத்திய வடிவத்தில் சென்ஸ் பின்களைக் குட்டையாக்கியிருக்கிறார்கள், அரைகுறையாகச் சொருகினால் கார்டு ஓடவே ஓடாது. நல்ல திருத்தம்.

ரைசரும் எம்.2 மாற்றியும்

யூஎஸ்பி கேபிள் வடிவில் வரும் 1 லேன் ரைசரில் ஓடுவது யூஎஸ்பி அல்ல. அந்தக் கேபிளைக் கணினியின் யூஎஸ்பி துளையில் சொருகவே கூடாது. ரைசர் பலகைக்கு வெளியில் இருந்து 12 வோல்ட் தர வேண்டும், அதில் இருந்து 3.3 வோல்ட்டைப் பலகையே தயாரித்துக்கொள்ளும். ஸ்லாட் வழியாக மட்டும் மின்சாரம் எடுக்கும் கார்டு 5.5 ஆம்பியர் கேட்கும் என்பதால் இங்கேயும் சாட்டா முனை கூடாது. 6 பின் முனையுள்ள ரைசர் எடுங்கள். ரைசரும் அதன் மேல் அமரும் கார்டும் ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து ஓட வேண்டும். இரண்டு எஸ்எம்பிஎஸ் வைப்பவர்கள் போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் பச்சைக் கம்பிகளையும் கறுப்புக் கம்பிகளையும் இணைத்து, இரண்டும் ஒன்றாக எழுந்து ஒன்றாக அணையும்படி செய்ய வேண்டும். இல்லையென்றால் கார்டு விழித்திருக்க போர்டு அணைந்திருக்கும், சிக்னல் கம்பிகள் வழியே மின்சாரம் பின்னோக்கிப் பாயும்.

எம்.2 துளையில் (மெல்லிய எஸ்எஸ்டி பொருத்தும் இடத்தில்) இருந்து ஸ்லாட் எடுக்கும் மாற்றியில் வருவது 4 லேனும் 3.3 வோல்ட்டும் மட்டுமே. 12 வோல்ட் கிடையாது. மாற்றியின் மின் முனையை இணைக்காமல் 'கார்டு செத்துவிட்டது' என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. ரிப்பன் கேபிள் நீண்டதாகவோ மலிவாகவோ இருந்தால் கார்டு தெரியும், ஆனால் பாதி வேலையில் உறையும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) அந்த ஸ்லாட்டின் வேகத்தை ஆட்டோவில் இருந்து ஜென் 3-க்கும் (மூன்றாம் தலைமுறை வேகம்), அதிலும் நிற்காவிட்டால் ஜென் 2-க்கும் இறக்குங்கள். லேனுக்கு நொடிக்கு 16 ஜிகா பரிமாற்றத்தில் ஓடியது 8-க்கோ 5-க்கோ இறங்கும். உறைவதைவிட அது மேல்.

மறந்துபோகும் சின்னக் கேபிள்கள்

வைஃபை கார்டில் வைஃபை வருகிறது, புளூடூத் வரவில்லை என்றால் கார்டைக் குறை சொல்லாதீர்கள். வைஃபை ஸ்லாட் வழியாக வருகிறது, புளூடூத் யூஎஸ்பி வழியாக. கார்டில் இருந்து போர்டின் 9 பின் யூஎஸ்பி 2.0 ஹெடருக்கு (போர்டில் நிற்கும் பின் வரிசைக்கு) ஒரு மெல்லிய கேபிள் போக வேண்டும். அதில் பின் 1, 2 இரண்டும் 5 வோல்ட், 7, 8 கிரவுண்ட், 9-ஆவது இடம் வெறுமை. வெறுமையான இடத்தை வைத்துத் திசை பாருங்கள். யூஎஸ்பி கூடுதல் கார்டில் சாட்டா மின் முனை இருந்தால் அதைச் சொருகுங்கள். இங்கே இழுவை குறைவு, ஆகவே சாட்டா சரி. சொருகாவிட்டால் மவுஸ் ஓடும், வெளி ஹார்ட் டிஸ்க் ஓடாது.

தேயிலைத் தொழிற்சாலைகளிலும் பச்சிலை வாங்கும் இடங்களிலும் எடை மெஷினைக் கணினியில் சேர்க்க சீரியல் கார்டு இன்னும் தேவைப்படுகிறது. ஒன்பது பின் முனையில் 2 பெறுவது, 3 அனுப்புவது, 5 கிரவுண்ட். பல எடை மெஷின்களுக்கு இந்த மூன்று கம்பியே போதும். கவனம் வேண்டியது 9-ஆவது பின். சில கார்டுகளில் ஒரு ஜம்பரை (இரண்டு பின்களை இணைக்கும் சின்ன மூடியை) மாற்றினால் அந்தப் பின்னில் மணி சிக்னலுக்குப் (போன் மணி அடிப்பதைச் சொல்வது) பதில் 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ வரும். பில்லிங் கருவிகளுக்கு மின்சாரம் தர அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த ஜம்பர் 12-இல் இருந்து, ஒன்பது கம்பியும் உள்ள கேபிளில் எடை மெஷினைச் சேர்த்தால் மெஷினின் உள்பலகை போகலாம். கார்டைப் பொருத்தும் முன்பே ஜம்பரை மணி நிலைக்கு வையுங்கள், 5-க்கும் 9-க்கும் இடையே வோல்ட் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்த பிறகே கேபிளை மாட்டுங்கள்.

எர்த்

பாறை நிலத்தில் எர்த் குழி ஆழம் போவது கடினம், போட்டதும் கோடையில் காய்ந்துவிடும். பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருப்பதும் உண்டு. எர்த் இல்லாதபோது எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் கேபினெட்டைச் சுமார் 115 வோல்ட்டில் மிதக்க வைக்கும். கேபினெட்டைத் தொட்டால் விறுவிறு என்று உணர்வது அதனால்தான். மின்னோட்டம் மிகச் சிறிது, பொதுவாக ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் எர்த் உள்ள டிவியிலோ கேபிள் டிவி லைனிலோ எச்டிஎம்ஐ சொருகும் அந்த நொடியில் அது கார்டின் சிக்னல் பின் வழியாகப் பாய்ந்துவிடும். சீரியல் கார்டும் இப்படித்தான் சாகிறது.

மீட்டரை ஏசியில் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள், 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டினாலும் நிம்மதி அடைய வேண்டாம். பலவீனமான எர்த்திலும் மீட்டர் அவ்வளவு காட்டும், ஏனெனில் மீட்டர் மின்னோட்டம் இழுப்பதில்லை. சுமை கொடுத்துச் சோதிப்பதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். எர்த் சரியாகும் வரை, எல்லாக் கேபிளையும் மாட்டிய பிறகே பிளக்கைச் சொருகுங்கள். இடி இடிக்கும் மாலைகளில் பிளக்கோடு சேர்த்து ஆன்டெனாக் கேபிளையும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள்.

பனியும் ஈரமும்

22 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரமும் உள்ள அறையில் பனிநிலை (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும் வெப்பநிலை) சுமார் 14 டிகிரி. மார்கழிக் காலையில் வண்டியில் 8 டிகிரிக்குக் குளிர்ந்து வந்த கார்டைப் பெட்டியைப் பிரித்து அந்த அறையில் வைத்தால் அதன் மேல் தண்ணீர் பூக்கும். பையைத் திறக்காமல் மூன்று மணி நேரம் அறையில் விட்டுவிட்டுப் பிறகு பிரியுங்கள். ஊட்டியில் இருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போதும் இதே விதி.

தென்மேற்குப் பருவமழை கொட்டும் கூடலூர், தேவாலா பக்கம் ஒரு மாதம் கணினியைப் போடாமல் வைத்தால் ஸ்லாட்டில் பூஞ்சை பிடிக்கும். தினமும் ஒரு மணி நேரம் ஓட்டினாலே சூட்டில் ஈரம் போய்விடும். கார்டின் தங்கப் பின்களை ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரே திசையில் துடையுங்கள். பென்சில் ரப்பர் வைத்துத் தேய்ப்பது பரவலான பழக்கம், உடனே பலனும் தரும். ஆனால் தங்கப் பூச்சு மிக மெல்லியது, நாலைந்து முறை தேய்த்தால் கீழே இருக்கும் உலோகம் வெளியே வந்து இன்னும் வேகமாகக் கறுக்கும்.

கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் கனமான கார்டை ஸ்லாட்டிலேயே வைத்துக் கணினியை ஏற்றாதீர்கள். கழற்றித் தனியே கொண்டுவாருங்கள்.

முதல் முறை போடும்போது

பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியுங்கள். கார்டை ஸ்லாட்டின் தாழ்ப்பாள் விழும் வரை நேராக அழுத்தி, தகட்டின் ஸ்க்ரூவை முடுக்கிய பின் மின் கேபிள்களை மாட்டுங்கள். மானிட்டர் கேபிள் கார்டில் இருக்க வேண்டும், போர்டில் அல்ல. இனி எஸ்எம்பிஎஸ் சுவிட்ச், அதன் பிறகு பவர் பட்டன்.

விசிறி முழு வேகத்தில் ஓடிப் படம் இல்லை, அல்லது கனெக்டர் அருகே சிவப்பு விளக்கு என்றால் தனி மின் கேபிள் சரியாக வரவில்லை. வேலை கூடியவுடன் அணைந்து, சுவிட்சை நிறுத்திச் சிறிது நேரம் விட்டால்தான் மறுபடி எழுகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு பூட்டிக்கொண்டிருக்கிறது. ஆம்பியர் கணக்கை மீண்டும் பாருங்கள். முழு வேலையில் மோலெக்ஸின் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே அளந்தால் 11.4-இல் இருந்து 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 12.1, வேலையில் 11.3 என்றால் பெட்டி களைத்துவிட்டது.

விசிறிகூட அசையவில்லை, போர்டு கார்டைக் காணவே இல்லை என்றால் ரைசர் ஒன்றில் கார்டைப் போட்டு, ரைசரின் சாலிடர் புள்ளிகளில் அளவிடுங்கள். ஓடும் ஸ்லாட்டுக்குள் மீட்டர் முனையை விடவே வேண்டாம், பி3-உம் பி4-உம் 12 வோல்ட்டும் கிரவுண்டும் என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஏ11 3.3 வோல்ட்டுக்கு ஏறாமல் பூஜ்ஜியத்திலேயே நின்றால் போர்டுதான் ரீசெட்டைப் பிடித்து வைத்திருக்கிறது, கார்டு குற்றமற்றது. ஏ13, ஏ14 ஒவ்வொன்றிலும் டிசியில் 0.3 முதல் 0.4 வோல்ட் வரை தெரிந்தால் கிளாக் ஓடுகிறது என்று கொள்ளலாம், அது மேலும் கீழும் துடிப்பதன் சராசரி. ஸ்லாட் காலியாக இருந்தால் பல போர்டுகள் கிளாக்கை நிறுத்திவிடும், ஆகவே கார்டு மேலே இருக்கும்போதுதான் இந்த அளவுக்குப் பொருள் உண்டு.

படம் வந்த பிறகு ஜிபியூ-இசட் மென்பொருளில் லேன் எண்ணிக்கையைப் பாருங்கள். 16 லேன் கார்டு 16 லேன் ஸ்லாட்டில் இருந்தும் 8 அல்லது 4 காட்டினால் பின்னில் அழுக்கு இருக்கலாம், அல்லது கார்டு சாய்ந்திருக்கலாம். வேகம் 1.1 என்று காட்டினால் பதற வேண்டாம், வேலை இல்லாதபோது கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏதாவது வேலை கொடுத்துவிட்டுப் படியுங்கள். ரீசெட்டும் கிளாக்கும் இருந்து, 12 வோல்ட்டும் நின்று, பின்களும் சுத்தமாக இருந்து, அதன் பிறகும் கார்டு தெரியவில்லை என்றால் அப்போது அதைப் பெட்டியில் போட்டு கோயம்புத்தூர் பஸ் ஏறுங்கள். அளந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கூடவே கொண்டுபோங்கள், கடையில் அதைக் காட்டினால் பேச்சு பாதியாகக் குறையும்.